கல்லடியில் வீட்டில் வைத்துக் கிட் விமானம் கட்டுதல்: பெட்டியைக் கொண்டுவருவதும் வேலையைத் தொடங்குவதும்

கல்லடி வாவிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன். கட்டடங்களுக்குக் குளிரூட்டி பொருத்துவதும் அவற்றுக்கான காற்றுக்குழாய்களைத் தகட்டில் செய்வதும் எனது தொழில். தகடு வெட்டுவதும் மடிப்பதும் பொப் றிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிப்பதும் எனக்கு அன்றாட வேலைகள் என்பதால், இருவர் அமரக்கூடிய சிறிய விமானமொன்றைக் கிட்டாக, அதாவது கட்டுவதற்கான பாகங்களின் தொகுதியாக, வாங்கி வீட்டிலேயே கட்ட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்து வருகிறது. கனடாவிலுள்ள மைத்துனர் வால்பகுதிக் கிட்டுக்கான பணத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஆகவே இனி ஆசை என்று சொல்லிக் காலம் கடத்த முடியாது. ஒரு முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு கிட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-12. மற்றது மிசூரி மாநிலத்திலுள்ள செனித் நிறுவனத்தின் சிஎச் 750. இரண்டும் அலுமினியத் தகட்டாலானவை. இரண்டிலும் பெரும்பாலான றிவெட்டுகள் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கப்படுபவை. மறுபக்கத்தில் இரும்புக் கட்டை பிடிக்க இன்னொருவரைத் தேட வேண்டியதில்லை என்பதால் தனியாளாகவே பெரும்பகுதியைச் செய்துவிடலாம் என்று கணக்கிடுகிறேன்.

வேலைக்கென வீட்டோடு ஒட்டிய கராஜ் ஒன்று உண்டு. ஏழு மீற்றர் நீளம், நாலரை மீற்றர் அகலம், சீற் கூரை, சீமெந்துத் தரை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நடுவில் இருக்கும் நிலத்தில் எங்கு நின்றாலும் உப்புக் காற்றுத்தான். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் சில வருடங்களில் எப்படி ஆகின்றன என்பது இவ்வூர்க்காரருக்குத் தெரியும்.

நான் அறிய விரும்புபவை இவை. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் நீண்ட பலகைப் பெட்டியைக் கல்லடி வரை பாதுகாப்பாகக் கொண்டுவருவது எப்படி? பெட்டி வந்த பின் முதலில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது? இந்தக் காற்றில் அலுமினியத்தை வருடக்கணக்கில் வைத்து வேலை செய்வது புத்திசாலித்தனமா, அல்லது செங்கலடிப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ உள்நாட்டில் ஓர் இடம் பார்ப்பது நல்லதா? அனுமதிகள் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.


ஸ்கார்பரோ ஊரவன் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் ஆரையம்பதியில் பிறந்தவன். இப்போது கனடாவின் ஸ்கார்பரோவில் வீட்டுக் கராஜில் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-9ஏ ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வால்பகுதி முடிந்து இறக்கை வேலை நடக்கிறது. உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது, முழு விமானத்தையும் ஒரேயடியாக வாங்கப்போவதாக நீங்கள் எழுதாததுதான். முழுக் கிட்டையும் வாங்கிக் கராஜில் அடுக்கி வைத்துவிட்டு, இரண்டு வருடங்களுக்குப் பிறகு உடைக்காத பெட்டிகளோடு அரை விலைக்கு விற்கும் மனிதர்களை இங்கு அடிக்கடி காண்கிறேன்.

வால்பகுதிக்கும் முன்னதாக ஒன்றை வாங்குமாறு சொல்வேன். வான்ஸ் நிறுவனம் பயிற்சிக்கென்றே சிறிய கிட்டுகளை விற்கிறது. அவற்றில் வருவது உண்மை விமானத்தில் பயன்படும் அதே வகைத் தகடும் றிவெட்டுமே. செனித் நிறுவனம் வாலில் திசைதிருப்பும் சுக்கான் பகுதியை மட்டும் தொடக்கக் கிட்டாகத் தருகிறது. தொழிற்சாலையிலேயே இரண்டு நாட்கள் இருந்து சுக்கானைக் கட்டி முடித்து எடுத்துச் செல்லும் பயிலரங்கையும் நடத்துகிறது. பயிற்சிக் கிட் சிறிய பெட்டியில் கூரியரில் வந்து சேரும். அது வேலையைப் பழக்குவதோடு, விமானப் பாகம் என்று எழுதிய பொதியொன்றை உங்கள் பெயருக்கு எடுத்தால் சுங்கத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்பதையும் குறைந்த செலவில் காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் வரும் பெரிய பெட்டிக்கு அந்த அறிவு பெறுமதியானது.

காற்றுக்குழாய் வேலை தெரிந்தவர் என்பது நல்ல தொடக்கம். ஆனால் அந்தக் கைப்பழக்கத்தில் ஒன்றை மறக்க வேண்டும். காற்றுக்குழாயில் துளை சற்று விலகினால் பக்கத்தில் இன்னொன்று போடலாம். இங்கே துளையின் நடுப்புள்ளி தகட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது றிவெட்டின் விட்டத்தைப் போல் இரு மடங்கு தள்ளியிருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழுந்தால் அந்தப் பாகத்தைக் கழிக்க வேண்டிவரும். நீங்கள் பார்த்திருக்கும் கிட்டுகளில் துளைகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வருவதால் இந்த ஆபத்து குறைவு.

பெட்டி திறப்பதைப் பற்றி. அலவாங்கை எடுக்க வேண்டாம். மூடிப் பலகைகளில் ஸ்குரூ இருக்கிறதா, ஆணி இருக்கிறதா என்று பார்த்து, ஸ்குரூவாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். தகடுகள் பெட்டியின் அடியில் படுத்திருக்கும், அவற்றின்மேல் மற்றவை அடுக்கப்பட்டிருக்கும் என்பதால், கம்பியொன்று தவறி உள்ளே இறங்கினால் மிக விலையுயர்ந்த பொருளில்தான் போய்க் குத்தும். எனக்கு வந்த இறக்கைப் பெட்டியை வழியில் ஏதோ ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்டின் கவை பக்கவாட்டில் குத்தியிருந்தது. லொறிக்காரர் கொடுத்த துண்டில் கையெழுத்திடுவதற்கு முன் அந்த ஓட்டையை நான்கு பக்கமும் படமெடுத்து, துண்டிலேயே சேதமென்று எழுதிக் கையெழுத்திட்டதனால்தான் காப்புறுதிப் பணம் கிடைத்தது. ஆகவே காப்புறுதி வீட்டு வாசல் வரைக்கும் இருக்க வேண்டும்; துறைமுகத்தோடு முடிந்துபோகும் காப்புறுதி உங்களுக்குப் பயன்படாது.

திறந்தவுடன் வேலையைத் தொடங்கவும் வேண்டாம். பொருட்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பையிலுமுள்ள பாக இலக்கத்தையும் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். மாலை நேரங்களில் மெதுவாகச் செய்ய வேண்டிய, மிகவும் சலிப்பான வேலை இது. ஆயினும் குறைவு இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் அறிவித்தால்தான் நிறுவனம் இலவசமாக அனுப்பும். அத்துடன் எண்ணி முடிக்கும்போது எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பது உங்கள் தலைக்குள் ஏறியிருக்கும்.

கராஜின் அளவு போதும். ஆர்வி-12இன் நீளம் ஏறத்தாழ ஆறு மீற்றர். இறக்கைகளின் முழு விரிவு எட்டு மீற்றரைச் சற்றுத் தாண்டும். அதன் இறக்கைகளைக் கழற்றி மாட்டலாம் என்பது உங்களுக்கு மிகவும் வசதியானது: இறக்கைகளைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் வைத்துக் கட்டலாம், பிறகு இழுவைப் பெட்டியில் ஏற்றித் திமிலைதீவு விமான நிலையம் வரைக்கும் வீதி வழியே கொண்டுபோகலாம். வாசற்கதவின் அகலத்தையும் ஒழுங்கையின் திருப்பத்தையும் இப்போதே அளந்து வையுங்கள்.

மேசை விடயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அமெரிக்கப் பரிசோதனை விமானச் சங்கத்தின் கிளையொன்று வரைந்த, ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட மரமேசை எங்களிடையே எல்லோருக்கும் தெரிந்தது. அதே உயரத்தில் இரண்டு செய்து வைத்துக்கொண்டால் நீளமான பாகங்களுக்குச் சேர்த்தும் சிறியவற்றுக்குப் பிரித்தும் பயன்படுத்தலாம். மேசை முறுகியிருந்தால் அதன்மேல் வைத்து றிவெட் அடிக்கும் சுக்கானும் முறுகிவிடும். அடித்து முடித்த பின் அந்த முறுக்கை எடுக்க வழியில்லை.


அக்கரைப்பற்றுத் தகட்டுப்பிரிவு எழுதியது:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். வளைகுடா நாடொன்றில் விமானப் பராமரிப்பு நிலையத்தின் தகட்டு வேலைப் பிரிவில் நீண்டகாலம் பணியாற்றிவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். அங்கும் கடல், இங்கும் கடல் என்பதால், தம்பியின் மூன்றாவது கேள்விக்கே விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். மற்றவையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் சரிசெய்யக்கூடியவை. உப்பு அப்படியல்ல.

முதலில் தகட்டின் வகையைப் பாருங்கள். ஆர்வி வகை விமானங்களின் மேற்தகடு 2024-டி3 எனப்படும் கலப்புலோகம். இதில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் சற்று அதிகமாகச் செம்பு கலந்திருக்கிறது. பலம் அதனால் வருகிறது, அரிப்பும் அதனாலேயே வருகிறது. எனவே இரு பக்கமும் தூய அலுமினியப் படலம் ஒன்றை ஒட்டி அல்கிளாட் என்ற பெயரில் விற்கிறார்கள். மெல்லிய தகடுகளில் அந்தப் படலம் ஒவ்வொரு பக்கத்திலும் தடிப்பின் ஐந்து வீதம்தான். 0.025 அங்குலத் தகட்டை எடுத்தால் படலத்தின் தடிப்பு 0.03 மில்லிமீற்றர் அளவில் வரும். மேசையில் கிடக்கும் ஒரு துளைச் சீவலின்மேல் தகட்டை இழுத்தாலே அந்தப் படலம் கிழிந்துபோகும். செனித் விமானங்களில் பயன்படும் 6061-டி6 வேறு வகை. அதில் மக்னீசியமும் சிலிக்கனும் முக்கியமானவை, செம்பு மிகக் குறைவு. படலமின்றியே உப்புக் காற்றை அது நன்றாகத் தாங்கும். கல்லடியில்தான் கட்டுவேன் என்று உறுதியாக இருந்தால், என் தெரிவு செனித். வேகமும் அழகும் ஆர்வியில் அதிகம் என்பதை மறுக்கவில்லை.

பெட்டி வந்த பின் நான் அதிகம் அஞ்சுவது, தகடுகளுக்கிடையே வைத்திருக்கும் பொதிகாகிதத்தை. கப்பலில் இரவும் பகலும் வெப்பம் மாறி மாறிக் கொள்கலனுக்குள் நீர் வியர்க்கும். காகிதம் அதை உறிஞ்சிக்கொண்டு தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். காகிதத்தை உரிக்கும்போது தகட்டில் சாம்பல் நிற மேகம்போல் ஒரு கறை தெரிந்தால், விரலால் தடவிப் பாருங்கள். வெறும் நிறமாற்றமாக இருந்தால் கவலையில்லை. வெள்ளைத் தூள் விரலில் ஒட்டி, அதன் கீழே ஊசி குத்தியதுபோலச் சிறு குழிகள் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. ஆகவே பெட்டி வந்த கிழமையிலேயே எல்லாக் காகிதத்தையும் அகற்றுங்கள். தகடுகளைப் படுக்கையாக அடுக்காமல், மரத்தட்டுகளில் விளிம்பில் நிறுத்தி, காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு வையுங்கள்.

சில தகடுகளில் நீல நிற பிளாஸ்டிக் படலம் ஒட்டி வரும். கீறல் விழாதிருக்க அது கடைசிவரை இருக்கட்டும் என்று பலர் விட்டுவிடுவார்கள். நீண்டகாலம் கிடந்தால் அதன் பசை இறுகி உரிக்க முடியாமல் போவதோடு, விளிம்பால் புகும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். துளை வரிசைகளின் வழியே சூடாக்கிய மழுங்கிய சோல்டரிங் முனையால் மெல்லக் கோடிட்டு, அவ்விடத்துப் படலத்தை மட்டும் எடுத்து வேலை செய்பவர்கள் உண்டு. எங்கள் காற்றுக்கு முழுவதையும் எடுத்துவிடுவதே மேல்.

பென்சிலால் தகட்டில் குறிக்க வேண்டாம். பென்சிலின் கரிக்கும் அலுமினியத்துக்கும் இடையே ஈரம் பட்டால் மின்வேதி அரிப்பு உண்டாகி, கோடு போட்ட இடத்திலேயே தகடு தின்னப்படும். மார்க்கர் பேனையைப் பயன்படுத்துங்கள். இரும்பு வேலைக்குப் பாவித்த அரத்தையும் கம்பித் தூரிகையையும் இந்தக் கராஜுக்குள் கொண்டுவர வேண்டாம். அலுமினியத்தைச் சீமெந்துத் தரையில் சாய்த்து வைக்கவும் வேண்டாம்; சீமெந்தின் காரமும் தரையின் ஈரமும் சேர்ந்தால் உப்பின் உதவியின்றியே அரிப்பு தொடங்கும்.

இடத்தைப் பற்றி. உள்நாட்டில் இடம் பார்ப்பது நல்ல யோசனைதான், ஆனால் வீட்டைவிட்டு விலகிய பட்டறைக்கு மனிதன் தினமும் போவதில்லை. அரை மணித்தியாலம் கிடைத்தாலும் போய் நான்கு துளைகளைச் சீர்செய்ய முடிகிற இடத்தில்தான் விமானம் முடிகிறது. நீங்கள் குளிரூட்டித் தொழில் செய்பவர். சீற்றுக்குக் கீழே உட்கூரை அடித்து, இடைவெளிகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் முறையில் ஒரு ஸ்பிலிட் குளிரூட்டியை ஓடவிட்டு, ஒப்பீட்டு ஈரப்பதனை ஐம்பது வீதத்துக்குக் கிட்ட வைத்திருப்பது மற்றவர்களுக்குப் பெரும் செலவு, உங்களுக்குச் சொந்த வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும், மாரியில் வெள்ளமும் வரும் ஊர் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். எந்தப் பாகமும் தரையில் இருக்கக்கூடாது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு மேல் தாங்கிகள் அடித்துவிட்டே பெட்டியைத் திறவுங்கள்.


மருதமுனைச் சரக்கு எழுதியது:

கப்பல் சரக்குத் துறையில் கொழும்பில் வேலை செய்கிறேன். போக்குவரத்துப் பற்றிச் சொல்கிறேன்.

வால்பகுதிக்கு முழுக் கொள்கலன் தேவையில்லை. பலருடைய சரக்கோடு பகிர்ந்து வரும். பகிர்வுக் கொள்கலனில் பெட்டி இரண்டு முறையாவது களஞ்சியங்களில் இறக்கி ஏற்றப்படும் என்பதால், ஸ்கார்பரோ அண்ணன் சொன்ன போர்க்லிப்ட் குத்து பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. பெட்டியின் அடியில் கவை நுழைவதற்கான கட்டைகள் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் மேலே என்பது நான்கு முகங்களிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பலகை வெப்பப் பதனிடப்பட்டதற்கான சர்வதேச முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்பே படம் கேட்டுப் பாருங்கள். மைத்துனர் கனடாவில் பெட்டியைப் பிரித்து, உள்ளூர் மரத்தில் வேறு பெட்டி செய்து அனுப்பினால், இந்த முத்திரை இல்லாமல்தான் வந்து நிற்கும். பிறகு துறைமுகத்தில் மருந்தடிக்கும் செலவும் தாமதமும் உங்களுடையவை.

சுங்க வகைப்படுத்தலில் ஒரு நுட்பம் இருக்கிறது. விமானப் பாகங்கள் 8807 என்ற தலைப்பில் வருகின்றன. 2022க்கு முந்தைய பட்டியலில் அது 8803. முழு விமானம் 8802. பிரித்த நிலையில் வந்தாலும், ஒரு பொருளின் எல்லாப் பாகங்களும் சேர்ந்து வந்தால் அதை முழுப் பொருளாகவே கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் பயன்படும் பொது விளக்க விதிகளில் இரண்டாவது. ஆகவே வால்பகுதி மட்டும் வந்தால் அது பாகம். இறக்கையும் உடலும் வாலும் ஒரே கப்பலில் வந்தால் அது விமானம். எஞ்சின் தனியாக 8407.10இல் வரும். விலைப்பட்டியலில் "விமானக் கிட்" என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பகுதியின் பாகங்கள் என்று வரிவரியாக எழுதுமாறு விற்பவரிடம் கேளுங்கள். முகவரிடம் அந்தப் பட்டியலையும் பாகங்களின் படங்களையும் கப்பல் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டால், கேள்விகளுக்குப் பதில் தேடும் நாட்களில் களஞ்சிய வாடகை ஏறாது.

சுங்கம் விடுவிப்பதும் பறக்க விடுவதும் வேறு வேறு. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டத்தின் கீழ் இலங்கையில் விமானங்களைப் பதிவுசெய்வதும் பறக்கத் தகுதியைத் தீர்மானிப்பதும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பொறுப்பு. அலுவலகம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. நம் நாட்டுப் பதிவு இலக்கங்கள் 4ஆர் என்று தொடங்குகின்றன. கிட் விமானம் தொழிற்சாலையில் வகைச் சான்றிதழ் பெற்று வரும் பொருளல்ல என்பதால், பதிவு முதல் பரிசோதனை வரைக்கும் தனியாகவே பேச வேண்டும். மைத்துனரின் பணம் ஒரிகனுக்கோ மிசூரிக்கோ போவதற்கு முன் கடிதம் கட்டுநாயக்கவுக்குப் போக வேண்டும்: எந்த வகை விமானம், யார் கட்டுகிறார், எங்கே கட்டுகிறார், எந்தக் கட்டத்தில் யார் வந்து பார்க்க வேண்டும். பதிலை எழுத்தில் பெறுங்கள். தொலைபேசியில் கிடைத்த "பிரச்சினை இல்லை" என்ற சொல்லை எந்த அதிகாரியிடமும் பிறகு காட்ட முடியாது.

வீதி வழி. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை என்று வருவதே நீண்ட பெட்டிக்கு உகந்தது. கண்டி, மஹியங்கனை வழி தூரத்தில் குறைவாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பதினெட்டு வளைவுகளில் பெட்டிக்குள் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்தபடியே வரும். ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையே இரவில் யானைகள் வீதிக்கு வரும் என்பதால் அவ்விடத்தைப் பகலில் கடக்குமாறு புறப்படச் சொல்லுங்கள். மூடிய கன்டர் லொறி பிடியுங்கள். திறந்த லொறியில் தறப்பாள் கட்டி வருவது மழை மாதத்தில் நம்பத்தக்கதல்ல. நவம்பர், டிசம்பரில் பெட்டி வரும்படி கப்பலேற்ற வேண்டாம். வெள்ளத்தில் வீதி மறிபட்டால் ஈரக் களஞ்சியமொன்றில் உங்கள் அலுமினியம் கிடக்கும்.


கல்லடி வாவிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அதிகாரசபைக்கான கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். செனித் பக்கமே மனம் சாய்கிறது. சுக்கான் கிட் ஒன்றை முதலில் எடுத்து, பெட்டி வருவதற்குள் உட்கூரையையும் குளிரூட்டியையும் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியுள்ளன. உட்புறத் தகடுகளுக்குப் பிரைமர், அதாவது அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு, பூச வேண்டுமா? அமெரிக்க இணையத்தளங்களில் இதைப் பற்றி முடிவில்லாத சண்டை நடக்கிறது. அடுத்தது, ட்ரில் அலகுகள், கம்பிரசர் போன்றவற்றை மட்டக்களப்பு நகரிலேயே வாங்கலாமா?


ஸ்கார்பரோ ஊரவன் எழுதியது:

பிரைமர் விடயத்தில் நான் பூசாதவர்களின் பக்கம். அல்கிளாட்டின் தூய படலமே ஒரு பாதுகாப்பு. பாகங்களைக் கழுவி, சுரண்டி, பூசி, காயவைப்பதில் கட்டும் காலம் வெகுவாக நீளும், எடையும் கூடும். தகடோடு தகடு ஒட்டும் இடங்களுக்கு மட்டும் பூசினேன். கனடாவில் நல்ல விமானக் கூடத்தில் நிற்கப்போகும் விமானத்துக்கு இது போதுமானது.

அதைவிட முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இங்கு அமைச்சரின் சார்பில் வரும் பரிசோதகர், இறக்கையையோ சுக்கானையோ மூடுவதற்கு முன் உள்ளே பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உங்கள் கடிதத்துக்கு எந்தப் பதில் வந்தாலும், மூடுவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, திகதியோடு பதிவேட்டில் எழுதி வையுங்கள். பாதி விமானத்துக்கு மேல் நீங்களே கட்டினீர்கள் என்பதற்கும் அதுவே ஆதாரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அமெச்சூர் விமானம் என்று ஏற்பதற்கு அதுதான் அடிப்படை.


அக்கரைப்பற்றுத் தகட்டுப்பிரிவு எழுதியது:

அண்ணன் சொன்னது ஸ்கார்பரோவுக்குச் சரி. கல்லடிக்கு நான் உடன்படமாட்டேன். 6061 ஆனாலும் 2024 ஆனாலும், ஒட்டும் முகங்கள் எல்லாவற்றுக்கும் எபொக்ஸி பிரைமர் பூசுங்கள். உப்பு ஈரம் தங்குவது இரண்டு தகடுகள் ஒட்டுகிற இடத்தில்தான், அங்கே நீங்கள் மீண்டும் ஒருபோதும் கையை வைக்க முடியாது. உருக்குப் பாகம் அலுமினியத்தைத் தொடும் இடங்களை இருமடங்கு கவனியுங்கள். பூசும்போது கண்ணுக்கும் மூச்சுக்கும் உரிய முகமூடி அணியுங்கள். குளிரூட்டி ஓடும் அடைத்த கராஜுக்குள் பூச வேண்டாம், விறாந்தையிலோ வளவிலோ, கச்சான் ஓய்ந்த காலை வேளையில் பூசுங்கள்.

கம்பிரசரை நகரிலேயே வாங்கலாம், வாங்குவதே நல்லது. அமெரிக்காவிலிருந்து வரும் 110 வோல்ற் கருவிகளுக்கு ட்ரான்ஸ்போமர் தேட வேண்டிவரும். நமக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கம்பிரசருக்கும் குழாய்க்கும் இடையே நீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்றைக் கட்டாயம் பொருத்தி, தினமும் தொட்டியின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒரு காலை வேலைக்கே வியக்கத்தக்க அளவு நீர் இறங்கும். பிரைமர் அடிக்கும் துப்பாக்கிக்குள் அது போனால் பூச்சில் மீன்கண்போலப் பொட்டுப் பொட்டாக வரும்.

அலகுகளை மட்டும் கிட்டோடு வரவழையுங்கள். எட்டில் ஒரு அங்குல றிவெட்டுக்கு 30ஆம் இலக்க அலகு, அது 0.1285 அங்குலம், அதாவது 3.26 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் 3.2 இறுக்கமாகவும் 3.3 தளர்வாகவும் இருக்கும். துளையிட்ட பின் இரு பக்கமும் பிசிறு நீக்கும் கருவியை ஒரே ஒரு மெல்லிய சுற்றுச் சுற்றுங்கள். நகத்தால் தடவினால் தடை தெரியாதிருக்க வேண்டும்; துளையின் வாயில் பளபளப்பான வளையம் அகலமாகத் தெரிந்தால் அளவுக்கு மீறிச் சுரண்டிவிட்டீர்கள் என்று பொருள். தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கிளீக்கோ ஊசிகளில் எட்டில் ஒரு அங்குலத்துக்கு உரியவை செம்பு நிறம், முப்பத்திரண்டில் மூன்று அங்குலத்துக்கு உரியவை வெள்ளி நிறம். செனித் கிட்டுக்குச் செம்பு நிறமே அதிகம் தேவைப்படும். நூறு என்று நினைத்தால் இருநூறாக வாங்குங்கள்.

எஞ்சினை இப்போது வாங்க வேண்டாம். ரோட்டக்ஸ் 912 யூஎல்எஸ் ஆக இருந்தால் அதற்கு 95 ஒக்டேன் பெற்றோல் தேவை. அது ஊரில் கிடைக்கிறது, அந்தக் கவலை இல்லை. ஆனால் ஓடாத எஞ்சின் கடற்கரையில் வருடக்கணக்கில் கிடப்பது அதற்குக் கேடு. இறக்கைகளை உடலோடு ஒருமுறை பொருத்திப் பார்த்துக் கழற்றிய பிறகு அதற்குப் பணம் அனுப்புங்கள். சுக்கான் பெட்டி வந்து காகிதத்தை உரித்ததும், கறை ஏதும் தெரிந்தால் இங்கேயே படத்தைப் போடுங்கள் தம்பி. தேவையானால் நானே ஒரு நாள் கல்லடிக்கு வந்து பார்க்கிறேன்.